ஒரு சிட்டிகைக் கல்

பலோம்பாவின் அடக்கத்தன்று ஆளாளுக்கு அவளைப் புகழ்ந்து தள்ளினார்கள். பூப்போன்ற மனுஷி என்றார் ஒருவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளோடு ஒரே அறையில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டியவள் நான். அவளுடைய சீப்பை யாராவது தொட்டுவிட்டால் அந்தக் கட்டடமே இரண்டுபடும். ஒருமுறை என் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அது தன்னுடையதுதான் என்று சத்தியமே செய்தாள். கிரேக்கத்தில், யூதர்கள் நிறைந்திருந்த எங்கள் சலோனிகாவில் செத்துப்போகிறவர்கள் எல்லோரும் உடனே நல்லவர்களாகிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் உலகத்திலேயே நல்லவர்கள் அதிகம் இருந்த ஊர் எங்களுடையதுதான். அவளை உள்ளபடி சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா? அதனால்தான் சொல்கிறேன்.

பலோம்பா கபோன் என்பது முழுப்பெயர், புகையிலைக் கிடங்கில் வளர்ந்தவள். சின்ன வயதிலேயே அம்மாவோடு போய், இலைகளை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் விரல் நுனிகள் கடைசிவரை பழுப்பாகவே இருந்தன என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். ஜெர்மன்காரர்களின் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அந்த விரல்களில் பழுப்பும் இல்லை, பாதி நகமும் இல்லை. வேலைநிறுத்தம் நடந்த வருடம் கிடங்கு மேஸ்திரியின் மீசையைப் பிடித்து இழுத்ததாக அவளே ஒரு கதை சொல்வாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மீசை கொஞ்சம் நீளும்.

அவள் கட்டிக்கொண்ட சந்தோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வாயில்லாப் பூச்சி. "ரெண்டு பேருக்கும் சேத்து அவளே பேசிடுறா, நான் எதுக்கு?" என்பான். கடலிலிருந்து சில தெருக்கள் தள்ளி, நாலைந்து குடும்பங்கள் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த வீடு அவர்களுடையது. நான் பக்கத்து முற்றத்துப் பெண். அவர்களுக்கு மூத்தவன் லியாச்சி, அவனுக்குக் கீழே இரண்டு பெண்கள். லியாச்சியும் அம்மாவைப் போலத்தான், வாயாடி. தெருவில் அவன் சத்தம் கேட்காவிட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம்.

பலோம்பாவுக்குச் சமைக்க வராது. அவள் வைத்த மீன் ஒரு பக்கம் கருகியிருக்கும், மறு பக்கம் பச்சையாக இருக்கும். ஆனால் பஸ்கா பண்டிகைக்கு ஹரோசெத் என்ற இனிப்பைக் கிளற மட்டும் அவளை அடிக்க ஆள் கிடையாது. உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் ஊறவைத்து வேகவைப்பாள். வால்நட்டை வறுத்து இடிப்பாள். ஒரு ஆரஞ்சைத் தோலோடு அரைத்து, லவங்கப்பட்டை, கிராம்பு, கடைசியில் கொஞ்சம் வினிகர். எகிப்தில் எங்கள் முன்னோர்கள் அடிமைகளாக இருந்து குழைத்த சாந்து அது என்று கணக்கு. அதனால் சாந்துமாதிரியே கெட்டியாக, பார்க்க அழுக்காக இருக்க வேண்டும். தின்றால் மட்டும் தேன். விருந்தில் கசப்புக் கீரையை அதில் தொட்டுத்தான் விழுங்குவோம்.

சாந்து என்றால் கல் வேண்டாமா? எங்கள் ஊரில் அதையும் போடுவோம். வேறு ஊர்க்காரர்களிடம் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஒரு சிட்டிகைதான். மாவுமாதிரி இடித்துச் சலித்துப் போட்டுவிடுவோம். பல்லில் எங்கேயாவது ஒரு துகள் நெருட வேண்டும், அப்போதுதான் அது ஹரோசெத். பெரும்பாலான வீடுகளில் செங்கல்லைச் சுரண்டிப் போடுவார்கள். சந்தோவின் வீட்டு வழக்கம் வேறு. முற்றத்தின் கடைசிப் படியில் இருந்து ஒரு சில்லு பெயர்ப்பார்கள். நாம் குடியிருக்கும் வீட்டின் கல்லாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். லியாச்சிக்கு அந்தத் துகள் பல்லில் பட்டுவிட்டால் போதும். "எனக்குக் கெடச்சிருச்சு! எனக்குத்தான் மொதல்ல!" என்று புதையல் எடுத்தவன்போலக் குதிப்பான். அந்தச் சத்தம் எங்கள் முற்றம் வரைக்கும் கேட்கும்.

பிறகு எங்கள் ஆட்களை முகாமுக்கு ஏற்றிப்போக ரயில்கள் வந்தன. அதைப் பற்றி நான் பேசுவதற்கில்லை. நான் ஏதென்சில் ஒரு தையல்காரியின் மாடியில் வேறு பெயரோடு ஒளிந்திருந்தவள், முகாமைக் கண்ணால் பார்க்காதவள். பலோம்பாவும் அதிகம் சொன்னதில்லை. இறங்கிய இடத்திலேயே இரண்டு பெண்களையும் மாமியாரையும் ஒரு பக்கம் அனுப்பினார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. சந்தோவும் லியாச்சியும் ஆண்கள் வரிசையில் போனார்கள். லியாச்சி வயதைக் கூட்டிச் சொல்லித் தப்பித்துக்கொண்டானாம். சந்தோ செத்த செய்தி கம்பி வேலி தாண்டி அவள் காதுக்கு வந்துசேர்ந்தது. லியாச்சியைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

வரவில்லை என்றால் இருக்கிறான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்களை எல்லாம் எங்கள் ஆட்களின் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்திருந்தார்கள். வகுப்பறைக்கு ஆறேழு கட்டில். அவரவர் வீடுகளில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பலோம்பா தினமும் காலையில் ரயில் நிலையத்துக்குப் போவாள், மத்தியானம் வருவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பேச்சே போய்விட்டது. அந்த வாயாடியை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சீப்புக்காகச் சண்டை போட்டதெல்லாம் பிற்பாடுதான்.

பெப்போ மட்டராசோ என்று ஒருவன் எங்களோடு இருந்தான். முன்பு முடிதிருத்துகிறவன். எதையும் கிண்டலாகப் பேசாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஆனால் ஒருநாள் சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது கிண்டல் எதுவும் இல்லாமல் அவளிடம் சொன்னான்: "அக்கா, ஒளிச்சு வைக்க எனக்கு மனசு வரல. லியாச்சி எங்க கொட்டகையிலதான் இருந்தான். குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. காலையில பாத்தா எழுந்திரிக்கல. நான்தான் தூக்கி வெளிய வெச்சேன்." பலோம்பா அவனை அறைந்தாள். அவன் கையிலிருந்த சூப்பு இருவர் மேலும் கொட்டியது. "வேற எவனையோ பாத்துட்டு வந்து எம் புள்ளங்கிறியா, நாசமாப் போறவனே!" என்றாள். அன்றிலிருந்து அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது, லியாச்சியின் பெயரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று மோர்தோ அண்ணனிடம் கட்டளையே போட்டாள். அவரும் எடுக்கவில்லை.

மோர்தோ அண்ணன் சந்தோவோடு மூட்டை தூக்கியவர். மலைக் கிராமம் ஒன்றில் ஆட்டுப்பட்டியில் ஒளிந்து பிழைத்தவர். ரபிகள், எங்கள் குருமார்கள், யாரும் மிஞ்சவில்லை. பிரார்த்தனைகளை மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், எங்களுக்கு ரபியும் அவர்தான், விறகு பிளப்பவரும் அவர்தான்.

பஸ்கா வந்தது. திரும்பி வந்தபின் முதல் பஸ்கா. வெளிநாட்டு உதவிக் கப்பலில் மாவும் உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் வால்நட்டும் வந்திருந்தன. பண்டிகை எங்களுக்குச் சூரியன் மறையும்போது பிறக்கும்; அன்று காலை, சமையலறையில் பெண்கள் கூடி ஹரோசெத்துக்காக அடித்துக்கொள்ளாத குறை. ஒவ்வொருத்தியும் அவரவர் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே ஆள். விட்டுக்கொடுத்தால் அந்த வீட்டு ருசியே பூமியை விட்டுப் போய்விடும். எப்படி விட்டுக்கொடுப்பாள்?

"எங்க வீட்டுல கஷ்கொட்டை போடாம கிளறுனதே இல்ல," என்றாள் ஓரோ. தடித்த கண்ணாடி போட்ட, எதற்கும் மூக்கை உறிஞ்சுகிற பெண்.

"கஷ்கொட்டை போட்டா அது ஹரோசெத் இல்லடி, பன்னித் தீவனம்," என்றேன் நான். "ஆப்பிள் போடணும்."

"ஆப்பிளா? ஏன், அப்படியே ஜாம் கிண்டி ரொட்டியில தடவித் தின்னேன்!"

அப்போதுதான் வாசலில் பலோம்பா வந்து நின்றாள். ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

"தள்ளுங்கடி ரெண்டு பேரும்," என்றாள். "கஷ்கொட்டையாம், ஆப்பிளாம். கரண்டி பிடிக்கத் தெரியாத கழுதைங்க எல்லாம் சட்டம் பேசுதுங்க. திராட்சையில காம்பு ஆயாம கெடக்கு, அதக் கவனிக்க ஒருத்தியும் இல்ல."

அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தைகள் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. ஓரோ என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றோம். கழுதை என்று திட்டு வாங்கியதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

திராட்சையை ஊறப்போட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "ரிக்கா, சுத்தியல் இருக்கா? எங்கூட வா. வீட்டுக்குப் போயி கல் எடுக்கணும்."

"இங்கதான் மதில் பூரா செங்கல் இருக்கே அக்கா."

"மதில் கல்லு எதுக்குடி? எங்க வீட்டுக் கல்லு வேணும். பஸ்காவுக்குள்ள லியாச்சி வந்துடுவான். வந்து வாயில போட்டா, பல்லுல பட்டவுடனே நம்ம படிக் கல்லுன்னு கண்டுபிடிச்சிடுவான். செங்கல்லுன்னா கத்துவான்."

மோர்தோ அண்ணனிடம் சுத்தியலும் ஒரு ஆணியும் வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அவள் வீட்டில் இருந்தது எவாந்தியா என்ற பெண். போர்க்காலத்தில் வடகிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம், காலியாகக் கிடந்த வீட்டைக் காட்டி இருந்துகொள்ளச் சொன்னார்களாம். கதவைப் பாதி திறந்து, எங்களைப் பார்த்ததும் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். யார் என்று நாங்கள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"வீட்டக் கேட்டு வந்தீங்கன்னா எம் புருஷன் வேலையில இருக்காரு, அவருகிட்டப் பேசிக்கோங்க," என்றாள்.

"வீடு வேணாம்," என்றாள் பலோம்பா. "ஒரு கல்லு வேணும்."

"என்ன கல்லு?"

"முத்தத்துல கடைசிப் படி. அதுல இத்தனூண்டு. வீட்டு விசேஷத்துக்கு."

எவாந்தியா அவள் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கிறுக்கு என்று நினைத்திருப்பாள். எதற்கு வம்பு என்று வழிவிட்டாள். முற்றத்தில் கோழிகள் மேய்ந்தன. படிகள் பழையபடி வெள்ளையாகத்தான் இருந்தன. எங்கள் ஊரில் பாதி வாசல்படிகள் வெள்ளைக் கல்தான்.

கூடவே வந்த எவாந்தியாவுக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் இணக்கமாகப் பேச நினைத்திருக்கலாம். "எம் புருஷன் கொத்தனாரு. நாங்க வந்தப்ப இந்த முத்தம் ஒரே சேறாக் கெடந்துச்சு. எல்லாத்தையும் அவருதான் ஒழுங்கு பண்ணாரு," என்றாள்.

அது போதும். பழைய பலோம்பா திரும்பி வந்துவிட்டாள். "சேறா? எம் முத்தமா? ஏம்மா, தினம் ரெண்டு வேள தேச்சுக் கழுவுன முத்தம் இது. எங்க மாமியார் இதுல மாவு கொட்டிப் பெசையலாம்பாங்க. நீ வந்து ஒழுங்கு பண்ணியாக்கும்! கோழிப் பீய மொதல்ல கூட்டு." சொல்லிக்கொண்டே குனிந்து, கடைசிப் படியின் ஓரத்தில், எப்போதும் பெயர்க்கிற அதே இடத்தில், அடிப்பக்கமாக ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள். மண் ஒட்டிய சில்லு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு, பெயர்ந்து வந்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, எவாந்தியாவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். வழியெல்லாம் அந்தச் சேற்றைப் பற்றியே பேசினாள். கொத்தனார் என்ற வார்த்தை அவள் காதிலும் தங்கவில்லை, என் காதிலும் தங்கவில்லை.

அன்று மத்தியானம் அந்தச் சமையலறையில் வந்த வாசனையை நான் மறக்கவில்லை. திராட்சை வெந்து குழைய, கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து மணத்தன. ஆண்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பலோம்பா அவர்களைக் கரண்டியால் விரட்டினாள். சில்லின் ஒரு முனையை உடைத்து, பித்தளை உரலில் போட்டு இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக் கிளறினாள். பெரிய மண்பாத்திரம் நிறைய வந்தது. மேலே விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்து, "ம்ம்," என்றாள். முகத்தில் பெருமை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மிச்சச் சில்லை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பலோம்பா அதை என் தொட்டித் தண்ணீரில் போட்டு மண்ணைத் தேய்த்தாள். தேய்த்த கை நின்றது.

"ரிக்கா."

"என்னக்கா?"

சில்லை என் முன்னால் நீட்டினாள். மண் போன இடத்தில் வெட்டெழுத்து இருந்தது. நன்றாக, ஆழமாகச் செதுக்கிய எங்கள் எபிரேய எழுத்து. அதற்கு முன்னாலும் பின்னாலும் உடைந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு சொல் முழுசாக நின்றது. மகன். இன்னார், இன்னாரின் மகன் என்று கல்லறைக் கல்லில் வெட்டுகிற அந்த மகன்.

ரயில்கள் வருவதற்கு முந்தின குளிர்காலத்தில் எங்கள் இடுகாட்டை இடித்தார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாகப் படுத்திருந்தவர்களின் கற்களை வண்டி வண்டியாக அள்ளிப் போனார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நடைபாதையில், சுவரில், கழிப்பறைத் தரையில், எங்கே பார்த்தாலும் எங்கள் கற்கள். தெருவில் போகும்போது கீழே பார்க்காமல் நடக்க நாங்கள் பழகிவிட்டோம். எவாந்தியாவின் புருஷன் தேய்ந்த படியை எடுத்துவிட்டு, இப்படி ஒரு கல்லை எழுத்து கீழே போகும்படி கவிழ்த்துப் போட்டிருக்கிறான்.

"யாருக்கும் தெரியாதுக்கா," என்றேன். "ஒரு சிட்டிகைதானே. சில்லத் தூக்கி வெளிய போட்டுடறேன்."

"எனக்குத் தெரியுதேடி," என்றாள்.

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், சில்லைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிட அவளும் நினைத்தாள், அது எனக்குத் தெரியும். அந்தப் பாத்திரம் மேசைக்குப் போகாவிட்டால், வருகிறவனுக்கு என்ன இருக்கிறது? பிறகு எழுந்து, பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேசைகள் போட்டிருந்த கூடத்துக்குப் போனாள். மோர்தோ அண்ணன் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் கையில் சில்லைக் கொடுத்தாள்.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தி பரவி எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"இதுலேருந்து போட்டியாம்மா?"

"ஆமாண்ணே."

"நான் மூட்டை தூக்குனவன், சட்டம் படிச்சவன் இல்ல. ஆனா இது எனக்குத் தெரியும். செத்தவங்களுக்குன்னு வெச்ச கல்லுலேருந்து நாம ஒரு பயனும் எடுத்துக்கக் கூடாது. திங்கறது எப்படி?"

"சிட்டிகைதான அண்ணே," என்றாள் ஓரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இத விட்டா வேற திராட்சை இல்ல. எல்லாத்தையும் போட்டாச்சு."

பெப்போ சுவரில் சாய்ந்திருந்தான். "முகாம்ல நம்ம சூப்புல என்னென்ன மெதந்துச்சுன்னு பாத்தா, இது ராஜ விருந்துண்ணே. அந்தக் கல்லுக்காரப் பெரியவரு கோவிச்சுக்க மாட்டாரு. வாசல்படியில மிதிபட்டதுக்கு நம்ம வாயில போறது மேல்னு நெனப்பாரு." யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"வாய மூடுடா," என்றார் மோர்தோ அண்ணன். "யாரு வேணா பிடுங்கிட்டுப் போலாம், மிதிக்கலாம். நாம செய்யக் கூடாது. நாமளும் செஞ்சா அப்புறம் அவரு எங்க போவாரு?"

பலோம்பா பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். "கொட்ட விடமாட்டேன். எம் புள்ள இன்னைக்கி வருவான். வந்து கேட்டா நான் என்னத்தக் குடுப்பேன்?"

பெப்போ தரையைப் பார்த்தான்.

"கொட்டச் சொல்லலம்மா," என்றார் மோர்தோ அண்ணன். "அடக்கம் பண்ணணும்னு சொல்றேன்."

அடக்கம். அந்த வார்த்தையை அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கூடத்தில் நின்ற ஒருவருக்குக்கூட அடக்கம் செய்ய ஓர் உடல் கிடைத்ததில்லை. எங்களுக்குக் குழி கிடையாது, கல் கிடையாது, நாள் கிடையாது. சாவுச் செய்தி ஒரு மாதத்துக்கு மேல் பிந்தி வந்தால் ஏழு நாள் துக்கம் வேண்டாம், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்தால் போதும் என்று எங்கள் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைக்கூட எங்களில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. யாருக்காக முதலில் உட்காருவது?

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், மதிலோரமாக மோர்தோ அண்ணன் குழி வெட்டினார். சின்னக் குழிதான். அவர் அதை ஆளுக்கு வெட்டுவதுபோல நான்கு மூலையும் சீராக வெட்டினார். வெள்ளைத் துணி ஒன்று வேண்டும் என்றார். விருந்து மேசைக்குப் போட வைத்திருந்த விரிப்பை ஓரோ கொண்டுவந்தாள். பலோம்பா பாத்திரத்தைக் கொடுக்காமல் நின்றாள். நான் கேட்கவில்லை, ஓரோவும் கேட்கவில்லை. கடைசியில் அவளே குனிந்து, துணியில் வைத்து, சில்லையும் மேலே வைத்து முடிந்தாள். குழிக்குள் இறக்கும்போது கிராம்பு மணம் வந்தது. அத்தனை பசித்த மனிதர்கள் சுற்றி நிற்க, அந்த வருடத்தின் ஒரே இனிப்பை மண்ணில் போட்டோம். ஆளுக்கொரு கை மண் போட்டோம். மோர்தோ அண்ணன் சாவுப் பிரார்த்தனையைத் தொடங்கினார். ஆண்கள் கூடச் சேர்ந்து சொன்னார்கள். பெப்போவின் குரல் உடைந்து, அவன் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

முடிந்தபின் அவர் சூரியனைப் பார்த்தார். "பண்டிகை பொறக்கிறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பொறந்துட்டா துக்கம் கூடாது, எழுந்திரிச்சிடணும். அவங்கவங்களுக்கு இருக்கிறவங்களுக்காக இப்ப உக்காந்துக்கலாம்." அப்படிச் சொல்லிவிட்டுத் தன் பூட்ஸை முதலில் கழற்றினார். சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கொஞ்சம் கிழித்தார். மண்ணில் உட்கார்ந்து, தன் மனைவியின் பெயரையும் ஐந்து பிள்ளைகளின் பெயரையும் சொன்னார்.

பிறகு யாரும் யாருக்கும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர்களைச் சொன்னார்கள். சிலருக்குச் சொல்லி மாளவில்லை. ஓரோ தன் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு தங்கையை விட்டுவிட்டேன் என்று அலறினாள். நான் அம்மாவையும் இரண்டு அண்ணன்களையும் சொன்னேன். மூன்று வருடமாக ஒரு கல்லைப்போல நெஞ்சில் கிடந்த அழுகை அன்றுதான் எனக்கு வந்தது.

பலோம்பா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு. கை இரண்டும் வெறுமையாக, பாத்திரத்தைப் பிடித்த மாதிரியே வளைந்திருந்தன. அவள் சந்தோவின் பெயரைச் சொல்லலாம், பெண்கள், மாமியார் பெயரைச் சொல்லலாம். ஆனால் உட்கார்ந்துவிட்டால் நான்கு பெயரோடு நிறுத்த முடியுமா என்று அவளுக்குப் பயம். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெயில் மதிலின் உச்சிக்கு ஏறிவிட்டது. பெப்போ தலையைக் குனிந்தே இருந்தான்.

"வேற யாராச்சும் உண்டா?" என்றார் மோர்தோ அண்ணன். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டார்.

பலோம்பா ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு மற்றதை. மெதுவாக உட்கார்ந்தாள். குழி மண்ணில் கை வைத்துக்கொண்டாள்.

"சந்தோ," என்றாள். "சின்னவ ரெண்டு பேரு, தாமாரா, விதா. எங்க மாமியா புலிசா." அவ்வளவும் சத்தமாக, கிடங்கில் ஆஜர் சொல்வதுபோல வந்தது. பிறகு நிறுத்தினாள். உதட்டைக் கடித்தாள்.

"சந்தோ மகன் லியாச்சி," என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் சட்டையின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. நான் அவளை நோக்கி நகர்ந்தேன். அவளைத் தொடுவதற்குள், மதில்மேல் இருந்த வெயில் போய்விட்டது. மோர்தோ அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பண்டிகை பொறந்திருச்சு," என்றார். "எல்லாரும் எழுந்திரிங்க. இனி கூடாது."

ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். பலோம்பா எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அடித்துவிட்டு அழாதே என்று சொல்லப்பட்ட குழந்தையின் முகம்.

"இப்பத்தான அண்ணே உக்காந்தேன்," என்றாள்.

சட்டம் சட்டம்தான். நானும் ஓரோவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவளைத் தூக்கி, செருப்பை மாட்டிவிட்டு, விரிப்பு இல்லாத மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தோம். அந்த வருடம் கசப்புக் கீரையை வெறுமனே தின்றோம். அவளும் தின்றாள்.